திறந்தே கிடந்த கனெக்‌ஷன்

நேற்று சாயங்கால பஸ்ஸில் பதினான்காம் நம்பர் சீட்டுக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். இரண்டு பேர் கையிலும் டிக்கெட். இரண்டும் நல்ல டிக்கெட். ஒருவர் வெப்சைட்டில் எடுத்தவர், இன்னொருவர் கவுன்ட்டரில் வாங்கியவர். உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டேன் என்றார்; நின்றவர் இறங்க மாட்டேன் என்றார். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுப் போய் நிதானமாக முகம் கழுவிக்கொண்டு வந்தார். இந்த மாதத்தில் அவர் இப்படி முகம் கழுவுவது புதிதில்லை.

விஷயம் காலையில், பஸ் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதிக்கொடுக்கிற ஆபீசுக்கு வந்து சேர்ந்தபோது அதற்கு ஒரு முடிவும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது.

“கவுன்ட்டர் அம்மாவை வேலையைவிட்டு நிறுத்தறாங்களாம்,” என்றார் டீம் லீடர். அவர் எதையும் லைப்ரரிக்குள் இருக்கிற மாதிரி மெல்லத்தான் சொல்வார். கெட்ட செய்தி என்றால் இன்னும் மெல்ல.

“எதுக்கு?” என்றாள் மிளகாய்.

மிளகாய் என்பது ஆபீசில் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். காதில் விழுந்த அன்றே, “மூஞ்சிக்கு நேராவே கூப்பிடுங்க, எனக்கு ஒண்ணும் எரியாது” என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நேராகவே.

“ரெட்டை டிக்கெட் எல்லாமே அந்தம்மா கவுன்ட்டர்லதான் விழுந்திருக்கு. பக்கத்து கவுன்ட்டர்ல ஒண்ணுகூட இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே புரோகிராம், ஒரே டேட்டாபேஸ். அப்புறம் என்ன? தப்பு ஆள்கிட்ட.”

அந்த வாதத்தில் அவளுக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை. அதுதான் எரிச்சல். பஸ் கம்பெனியின் வெப்சைட்டை எழுதியவர் டீம் லீடர், பிஎச்பி என்கிற புரோகிராம் மொழியில், அவள் இந்த ஆபீசுக்கு வருவதற்கு முன்னால். கவுன்ட்டரில் இருப்பவர்களுக்கான புரோகிராமை எழுதியவள் அவள், பைத்தானில். இரண்டும் போய் நிற்பது ஒரே டேட்டாபேஸின் வாசலில். தன் புரோகிராமைப் பற்றி அவளுக்குச் சந்தேகம் கிடையாது. எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பாள்! ஒருமுறைகூட அது தப்பான சீட்டைக் காட்டியதில்லை.

“மத்தியானம் பஸ் கம்பெனி முதலாளி வர்றார். யூசர் எரர்னு ஒரு வார்த்தை சொல்லி முடிச்சிரலாம். நீயும் பக்கத்துல நின்னு ஆமான்னு தலையாட்டு, போதும்.” கொஞ்சம் நிறுத்தி, “இன்னிக்குத்தான் உன் வேலையை நிரந்தரமாக்கற பேப்பர்ல கையெழுத்துப் போடறேன்,” என்று சேர்த்துக்கொண்டார்.

யூசர் எரர், அதாவது உபயோகிக்கிறவர் தப்பு. அவள் வீட்டில் அது பழைய சமாச்சாரம். இங்கிலீஷ் மட்டும்தான் புதுசு. அம்மா வேலை பார்க்கிற தையல் கம்பெனியில் மெஷின் ஊசி தையலை விட்டாலும் தைத்தவள் பெயரில்தான் எழுதுவார்கள். கழுத்துப்பட்டை கோணலாகப் போனால் மெஷினைக் கழற்றிப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. அம்மாவைத் திட்டுவதற்கு மட்டும் எல்லோருக்கும் இருக்கும். இன்று காலையில்கூட அம்மா மதியச் சாப்பாட்டை டப்பாவில் அழுத்திக்கொண்டே, “பெரியவங்க என்ன சொன்னாலும் ஒருநாளைக்கு மட்டும் சரின்னு சொல்லிட்டு வாடி, உனக்குப் புண்ணியமாப் போகும்,” என்றாள். லாரியில் மூட்டை ஏற்றுகிற அப்பா, சட்டையை உதறிப் போட்டபடி, “அவளாவது? அவ பொறக்கும்போதே நர்ஸைத் திட்டிட்டுத்தான் வந்தா,” என்றார்.

“நான் கவுன்ட்டருக்குப் போய்ப் பாத்துட்டு வரேன்,” என்றாள்.

“அங்க போய் என்ன பாக்கப் போற? எந்த டிக்கெட் எப்ப விழுந்துச்சுங்கற லாக் எல்லாம் இங்கயே இருக்கு.”

“லாக் பாத்தாச்சு சார். ஆளைப் பாக்கலையே.”

பஸ் நிலையத்தின் ஓரத்தில் கண்ணாடி போட்ட சின்ன அறை. உள்ளே இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. அது இரண்டு பேருக்கும் பொதுவாகத் திரும்பித் திரும்பி யாருக்கும் காற்று தராமல் சுற்றிக்கொண்டிருந்தது. முதல் கவுன்ட்டரில் அந்த அம்மா; மிளகாய்க்கு அக்கா. மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பேனா, ஸ்டேப்ளர், தண்ணீர் பாட்டில் எல்லாம் ஸ்கேல் வைத்த மாதிரி வரிசையில் இருந்தன. இரண்டாவது கவுன்ட்டர் நாற்காலி காலி.

“வாம்மா. விசாரணைக்கு வந்தியா, இல்ல வழியனுப்ப வந்தியா?” என்றார் அக்கா.

“வேலை பாக்கறதைப் பாக்க வந்தேன்.”

“பாரு பாரு. திங்கக்கிழமைலேர்ந்து பாக்க முடியாது.”

அதற்குள் இரண்டாவது நாற்காலிக்காரர் வந்து சேர்ந்தார். ஆள் வருவதற்கு முன்னால் சிகரெட் வாசனை வந்தது. நிலையத்தில் அவருக்குப் புகைவண்டி என்று பெயர். பஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற புகைவண்டி.

“தங்கச்சி, டீ சொல்லட்டுமா?” என்றார் உட்கார்வதற்கு முன்பே.

“இப்பத்தானே வந்தீங்க?”

“வந்ததுக்குத்தான் டீ.” அவர் கம்ப்யூட்டரில் புரோகிராமைத் திறந்தார். கடவுச்சொல்லை ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார்.

அக்கா உதட்டைச் சுழித்தார். “பாத்தியா? எந்திரிச்சுப் போனா மூடறது, வந்தா திறக்கறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு கேளு.”

“மூடாம போனா எவனாவது என் பேர்ல டிக்கெட் போட்டுட்டா? எல்லாம் ஒரு பாதுகாப்புதான்.”

“உன் பாதுகாப்பு எனக்குத் தெரியாதா? மூடித் திறந்தா ரெண்டு நிமிஷம் போகும். அந்த ரெண்டு நிமிஷமும் கியூ என் பக்கம் வந்துரும்.” அக்கா அவளிடம் திரும்பினார். “நான் நீ சொல்லிக்குடுத்தபடிதான்மா நடக்கறேன். காலைல திறந்தா ராத்திரிதான் மூடுவேன். அடிக்கடி மூடித் திறந்தா கனெக்‌ஷன் போட நேரம் எடுக்கும், திறந்தே வைங்கன்னு நீதானே சொன்ன?”

அவள்தான் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸுக்குப் புதிதாகக் கனெக்‌ஷன் போடுவது வீண். ஒருமுறை போட்டு நாள் முழுக்க வைத்துக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம் என்று அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு அக்காவின் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கூட்டம் இருந்த நேரம் முழுக்க ஒரு தப்பும் இல்லை. அக்கா சீட்டைக் காட்டி, ஜன்னலா நடுவா என்று கேட்டு, பெயரை அடித்து, சத்தமாகப் படித்துச் சரிபார்த்து, அப்புறம்தான் பட்டனை அமுக்கினார். இவரை யூசர் எரர் என்று சொல்பவன் வாயில் ஸ்டேப்ளரைத்தான் அடிக்க வேண்டும்.

மதிய வெயிலில் கூட்டம் வடிந்தது. புகைவண்டி புரோகிராமை மூடிவிட்டு வெளியே போனார். அக்காவின் திரையில் சாயங்கால பஸ்ஸின் சீட்டுகள் பச்சையும் சிவப்புமாக அசையாமல் இருந்தன.

“எப்ப பாரு, இந்த நேரத்துக்கு அப்புறம்தான் வம்பு வரும்,” என்றார் அக்கா. “கொஞ்ச நேரம் ஆளே இருக்காது. அப்புறம் ஒருத்தர் வருவார். அவர் டிக்கெட்தான் மாட்டும். நான் என்ன தூங்கிட்டா போட்டேன்?”

மிளகாய் ஃபோனை எடுத்து வெப்சைட்டைத் திறந்து, சோதனைக்கென்று வைத்திருக்கும் கணக்கில் ஒன்பதாம் நம்பர் ஜன்னல் சீட்டை எடுத்தாள். ஃபோனில் சீட்டு சிவப்பானது.

“அக்கா, ரிஃப்ரெஷ் அமுக்குங்க.”

அமுக்கினார். ஒன்பது பச்சை.

“இன்னொரு தடவை.”

“அமுக்கிட்டுத்தான்மா இருக்கேன். அமுக்கி அமுக்கி இந்த எழுத்தே அழிஞ்சுபோச்சு.” பச்சை.

புகைவண்டி திரும்பி வந்தார். “அண்ணே, உங்க திரையைத் திறங்க,” என்றாள். “சீக்கிரம்.”

“என்ன, என்னையும் நிறுத்தறாங்களா?” என்றபடி ஒற்றை விரலால் தேடினார். திரை திறந்தது. ஒன்பது சிவப்பு.

இரண்டு கம்ப்யூட்டரும் பக்கத்தில் பக்கத்தில். ஒரே பஸ், ஒரே சீட்டு. ஒன்றில் ஆள் உட்கார்ந்தாயிற்று, இன்னொன்றில் காலி.

அவள் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம்தான். அடுத்த மூச்சில் எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்த வேகத்தில் தன்மேலேயே கோபம் வந்தது.

டேட்டாபேஸ் ஒரு கறாரான பெரிய மனுஷி. நீ முதல் கேள்வியைக் கேட்டதும் அந்த நொடியில் எல்லாம் எப்படி இருந்ததோ அதைப் படம் பிடித்து உன் முன்னால் வைத்துவிடுவாள். பேச்சு முடிந்தது என்று நீ சொல்லும்வரை அதே படம்தான். நடுவில் யாராவது எதையாவது மாற்றினால் உனக்குக் கணக்கு குழம்பக் கூடாதே என்கிற நல்ல எண்ணம். வெப்சைட்டின் பிஎச்பி பக்கங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு கிளிக்குக்கும் புதிதாக வந்து, கேட்டதை வாங்கிக்கொண்டு, கனெக்‌ஷனை அறுத்துக்கொண்டு போய்விடும். அவள் எழுதிய பைத்தான் அப்படி இல்லை. நீ சொல்லாமலே பேச்சை ஆரம்பித்துவைக்கும்; முடிப்பது உன் பொறுப்பு. டிக்கெட் விற்றால் கமிட் என்று ஒரு வார்த்தை போகும், பேச்சு முடியும். விற்காமல் சும்மா பார்த்தால்? பார்ப்பதும் ஒரு பேச்சுதான், அதையும் முடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அதனால் கூட்டம் இருக்கும்போது விற்பனைக்கு விற்பனை படம் புதிதானது. கூட்டம் வடிந்ததும் கடைசியாகப் பிடித்த படம் அப்படியே நின்றது. வெளியே வெப்சைட்டில் சீட்டுகள் போய்க்கொண்டே இருந்தன. அக்கா எத்தனை முறை ரிஃப்ரெஷ் அமுக்கினாலும் அந்தப் பெரிய மனுஷி பழைய படத்தையே துடைத்துத் துடைத்துக் காட்டினாள். புகைவண்டி தப்பித்தது அவர் சாமர்த்தியத்தால் இல்லை. ஒவ்வொரு சிகரெட்டுக்கும் கனெக்‌ஷனை அறுத்தார். திரும்பி வந்ததும் புதுப் படம்.

அவள் சோதித்தபோது ஏன் மாட்டவில்லை? புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒரு வரி மாற்றினாலும் மூடிவிட்டு மறுபடி ஓட்டித்தான் பார்ப்பார்கள். அவளும் மூடி மூடித் திறந்தாள். அவள் சோதித்ததெல்லாம் புகைவண்டியின் வேலையை. அக்காவின் வேலையை அல்ல.

“என்னம்மா, பேயைப் பாத்த மாதிரி?” என்றார் அக்கா.

“அக்கா, தப்பு உங்க மேல இல்ல. என் மேல.”

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் நிம்மதி வரும் என்று மிளகாய் எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பாள்.

“நல்லா இருக்கே! ஒரு மாசமா என் மேல பஸ் ஏறி இறங்குது. நீ இப்ப வந்து ஹாரன் அடிக்கறியா?”

“மன்னிச்சிருங்க.”

“உன் மன்னிப்பை வெச்சு நான் என்ன பண்றது? இந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள சொன்னது இந்த ஃபேன் காத்தோட போயிரும். முதலாளி முன்னால சொல்லு. நான் கேக்கற மாதிரி சொல்லு.”

“சொல்றேன்.”

“சொல்லுவா சொல்லுவா,” என்றார் புகைவண்டி. “மூஞ்சியைப் பாத்தா தெரியுதே. அப்போ நான்தான் ஒழுங்கா வேலை பாத்தேன்னும் சேத்துச் சொல்லிடு தங்கச்சி.”

“வாயை மூடு. அதை மட்டும்தான் நீ மூடித் திறக்காம இருக்கணும்,” என்றார் அக்கா.

வழியிலேயே டீம் லீடருக்கு ஃபோன் போட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் வழக்கத்தைவிட மெல்லிய குரல்.

“சரி. ரெண்டு வரி வேலைதானே? சத்தம் போடாம சரி பண்ணிடு. யாருக்கும் தெரிய வேண்டாம்.”

“அந்தக்கா?”

“அது அவங்க கம்பெனி விவகாரம். நாம எதுக்கு நடுவுல?”

“அப்புறம் அடுத்த மாசம் ரெட்டை டிக்கெட் வராது. ‘பாத்தீங்களா, ஆளை மாத்தினதும் சரியாயிடுச்சு’ன்னு எல்லாரும் சொல்வீங்க. அப்படித்தானே சார்?”

“நீ இன்னும் நிரந்தரம் ஆகலைங்கறதை மறந்துடாத.”

“நான் மறக்கல. நீங்கதான் காலைலேர்ந்து ஞாபகப்படுத்திட்டே இருக்கீங்களே,” என்று வைத்துவிட்டாள்.

ஆபீசுக்கு வந்ததும் முதலில் தன் புரோகிராமின் வரிகளைத் திறந்தாள். சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பழைய பேச்சை முடித்துவிடு என்று எழுதினாள். இந்த முறை மூடித் திறக்கவில்லை. புரோகிராமைத் திறந்து போட்டுவிட்டு, டப்பாவைத் திறந்து நிதானமாகச் சாப்பிட்டாள். ஃபோனில் ஒரு சீட்டை எடுத்தாள். ரிஃப்ரெஷ். சிவப்பு.

டீம் லீடர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். “முடிஞ்சுதா? நல்லது.”

“பாதிதான் முடிஞ்சிருக்கு. ரெண்டு பேர் ஒரே நொடியில அமுக்கினா இப்பவும் ரெண்டு டிக்கெட் விழும். உங்க பக்கமும் சீட் காலியான்னு கேட்டுட்டு அப்புறம்தான் எழுதுது. என் பக்கமும் அப்படித்தான். கேக்கறதுக்கும் எழுதறதுக்கும் நடுவுல எவனாவது நுழைஞ்சா? ஒரு நாள், ஒரு பஸ், ஒரு சீட்டுக்கு ஒரே வரிதான்னு டேட்டாபேஸ்லயே பூட்டுப் போடணும். அப்போ யார் வந்து கேட்டாலும் ரெண்டாவது ஆளை அதுவே திருப்பி அனுப்பிடும்.”

“என் பக்கத்துல அந்தப் பிரச்சனை வந்ததே இல்ல. உன் புரோகிராம் வர்றதுக்கு முன்னால ஒரு ரெட்டை உண்டா?”

“போட்டுப் பாத்துருவோம்.”

கட்டளையை அடித்தாள். டேட்டாபேஸ் பூட்டை வாங்க மறுத்தது. ஏற்கெனவே ரெட்டை வரிகள் இருக்கும் டேபிளுக்கு, அதாவது டிக்கெட் பட்டியலுக்கு, அப்படிப் பூட்டுப் போட முடியாது. எந்த வரியில் இடிக்கிறது என்று ஒன்றை மட்டும் காட்டியது. அதில் இருந்த தேதி, அவள் இந்த ஆபீசில் சேர்வதற்கு முந்திய வருஷத்துத் தேதி. இரண்டு டிக்கெட்டும் வெப்சைட்டில் எடுத்தவை.

டீம் லீடர் திரையைப் பார்த்தார். இருமினார். தண்ணீர் குடித்தார்.

“ஓடி முடிஞ்ச பழைய பஸ் டிக்கெட்டையெல்லாம் வேற டேபிளுக்கு மாத்திட்டுப் போடறேன்,” என்றாள். “ரெண்டாவது ஆளைத் திருப்பி அனுப்பினா என்ன சொல்லணும்னு உங்க பக்கத்துல எழுதிருங்க. இல்லைன்னா வெப்சைட்டு கண்டபடி உளறும்.”

அவர் தன் நாற்காலிக்குப் போய் எழுத ஆரம்பித்தார். நன்றாகத்தான் எழுதினார், வேலை தெரியாத மனிதர் இல்லை. ஒத்துக்கொள்ளத்தான் தெரியாது.

முதலாளி வந்தபோது பூட்டு விழுந்திருந்தது. பெரிய உடம்பு, அதற்குப் பொருத்தமில்லாத அவசரம். உட்காராமலே ஆரம்பித்தார். “சுருக்கமா சொல்லுங்க. தப்பு கவுன்ட்டர்லயா, உங்ககிட்டயா?”

டீம் லீடர் வாயைத் திறந்தார். “சார், பொதுவா பாத்தா இது ரெண்டு பக்கமும்—”

“எங்ககிட்ட,” என்றாள் மிளகாய். “நான் எழுதின புரோகிராம் பழைய நிலவரத்தையே காட்டிட்டு இருந்துச்சு. அந்தக்கா ஒழுங்கா வேலை பாத்ததாலதான் மாட்டினாங்க. வெப்சைட்லயும் ஒரு ஓட்டை இருந்துச்சு. ரெண்டையும் இப்ப அடைச்சாச்சு.”

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “எல்லாம் சரியா இருக்குன்னு போன மாசமும்தான் சொன்னீங்க.”

“சொல்லல, காட்டறேன். உங்க ஃபோன்ல வெப்சைட்டைத் திறங்க. எங்க டீம் லீடர் சார் கவுன்ட்டர் புரோகிராம்ல உக்காரட்டும். ரெண்டு பேரும் ஒரே சீட்டை எடுத்துட்டு, நான் சொன்னதும் அமுக்குங்க.”

முதலாளி அப்போதுதான் உட்கார்ந்தார். “அமுக்குங்க,” என்றாள். இருவரும் அமுக்கினார்கள். டீம் லீடரின் திரையில், ‘இந்த இருக்கை இப்போதுதான் போய்விட்டது, வேறு ஒன்றைப் பாருங்கள்’ என்று வந்தது.

“எனக்குக் கிடைச்சிருச்சா?” என்றார் முதலாளி. “இன்னொரு தடவை.” அடுத்த முறை டீம் லீடருக்குக் கிடைத்தது. முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. “இன்னொரு தடவை,” என்றார். கடைசி சீட்டு வரைக்கும் போட்டி போட்டுத் தோற்றும் ஜெயித்தும் முடித்தார்கள். ஒரு சீட்டுகூட இரண்டு பேருக்குப் போகவில்லை. சோதனைக்காக வைத்த பஸ் அது. இல்லாவிட்டால் அன்று பாதி பஸ்ஸை முதலாளியே வாங்கியிருப்பார்.

“சரி,” என்று அவர் எழுந்தார். டீம் லீடரைப் பார்த்து, “இந்தப் பொண்ணு எப்பவும் இப்படித்தானா?” என்றார்.

“கொஞ்சம் அப்படித்தான் சார்.” அவளிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “பேப்பர் ஒரு மாசம் தள்ளிப் போகலாம். தப்பு உன்னோடதுன்னு நீயே சொல்லிட்ட. மேல கேப்பாங்க,” என்றார்.

“தள்ளிப் போகட்டும். மேல கேட்டா என் பாதி, உங்க பாதி ரெண்டையும் சொல்லுங்க. ஒரு பாதியை மட்டும் சொன்னா மிச்சத்தை நான் சொல்ல வேண்டியிருக்கும்.”

முதலாளி கதவை நோக்கி நடந்தார். மிளகாய் எழுந்து வழியில் நின்றாள்.

“சார், ஒரு நிமிஷம். அந்தக்கா காதுல விழற மாதிரி சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.” ஃபோனில் கவுன்ட்டர் நம்பரைப் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள். பின்னால் ஹாரன் சத்தமும் ஆட்கள் சத்தமும் கலந்து கேட்டது.

“அக்கா, நான்தான். முதலாளி பக்கத்துல இருக்கார். தப்பு என் புரோகிராம்லதான், உங்ககிட்ட இல்லன்னு சொல்லிட்டேன். காட்டியும் குடுத்துட்டேன்.”

“ம்,” என்றது ஃபோன்.

முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஃபோனை வாங்கினார். “அம்மா, அந்த நிறுத்தற பேச்சை விட்டுருங்க. திங்கக்கிழமை வழக்கம்போல வாங்க. ஏதோ அவசரத்துல நானும் ஒரு வார்த்தை—”

“சார், அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்,” என்றார் அக்கா. “இங்க வாசல் வரைக்கும் கியூ நிக்குது, பக்கத்து ஆளு வழக்கம்போல காணாமப் போயிட்டார். வைங்க.”

வைத்துவிட்டார். முதலாளி கையிலிருந்த ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கம்பெனியில் அவர் பேச்சைப் பாதியில் வெட்டியவர்கள் அதுவரை யாரும் இல்லை போலிருக்கிறது.